சின்னப் பிள்ளைகளின் ரிலேவுக்கு ரிங்கா, பேட்டனா?

ரிலே என்றால் ஒருவர் ஓடி முடித்துக் கையில் உள்ளதை அணியின் அடுத்தவரிடம் கொடுக்கும் தொடர் ஓட்டம். அப்படிக் கை மாற்ற பேட்டன் என்ற குட்டைக் குழாயைக் கொடுக்கலாம், அல்லது வீசிப் பிடித்து விளையாடும் டென்னிகாய்ட் ரிங் என்ற ரப்பர் வளையத்தைக் கொடுக்கலாம். ஆறு முதல் ஒன்பது வயதுவரை எங்கள் ஓட்டு ரிங்குக்குத்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

செலவில் பேட்டன் ஜெயிக்கும். பத்தடி பிவிசி பைப் வாங்கினால் 30 செ.மீ. வீதம் பத்துத் துண்டு. 40 மி.மீ. பைப் போட்டி அளவுக்கே ஒத்துவரும். சின்னக் கைக்கு 32 மி.மீ. வசதி. வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, இன்சுலேஷன் டேப் சுற்றிவிட வேண்டும். ரிங்கைக் காசு கொடுத்துத்தான் வாங்கணும். ஆனால் பள்ளி பீரோவைக் குடைந்தால் பழசு ரெண்டு கிடைக்கும்.

முடிவைத் தீர்மானிப்பது கை மாறும் அந்த ஒரு நொடி. வடசென்னையின் வியாசர்பாடியிலோ தண்டையார்பேட்டையிலோ முப்பது மீட்டர் சிமென்ட் முற்றம் கிடைத்தாலே பெரிய விஷயம். அதில் வட்டமாக ஓட முடியாது. இரண்டு வரிசையை 20 மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நிறுத்தி, இரு பக்கமும் ஓடி நிற்க 5 மீட்டர் விட வேண்டியதுதான். அப்போது வாங்குகிறவரும் கொடுக்கிறவரும் முகத்துக்கு முகம் வருகிறார்கள். பேட்டனைப் பிள்ளைகள் நடுவில் பிடிப்பார்கள். அடுத்தவர் பிடிக்க இடமே இருக்காது. அதையும் ஈட்டி மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு வருவார்கள். எதிரே நிற்கிற பிள்ளை முகத்தைத் திருப்பும், கை தவறும், பேட்டன் கீழே. ரிங்கை எந்த விளிம்பில் பிடித்தாலும் மீதி வளையம் அடுத்தவருக்கு. முனை என்று ஒன்று இல்லாததால் பயமும் இல்லை.

சொல்லித்தரும் முறை இது. சாலையில் போகிற மாதிரி அவரவர் இடப்பக்கம் ஒதுங்கி ஓட வேண்டும். அப்போது வலது கையும் வலது கையும் தானாகச் சந்திக்கும். வாங்குகிறவர் கோட்டுக்குப் பின்னால் நின்று, கையை மார்புக்கு நேராக நீட்டாமல் வலப்பக்கம் தோள் உயரத்தில் விரித்து வைக்கணும். முதலில் நடந்து, பிறகு மெல்ல ஓடி, கடைசியில்தான் வேகம். 36 பேர் வகுப்பென்றால் ஆறு அணி. முனைக்கு மூன்று பேர். அணி பெருத்தால் காத்திருக்கிற பிள்ளைகள் கல் பொறுக்கப் போய்விடுவார்கள்.

ரிங்கின் தொல்லை, விழுந்தால் உருண்டோடும். ராயபுரம் சந்து ஒன்றில் ஓடவிட்டால் சாக்கடையில்தான் தேட வேண்டும். கை நெருங்குமுன்னே வீசிவிடும் பழக்கமும் வரும். "அடுத்த கை இறுக்கினால்தான் விடணும்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லணும்.

பத்து வயதைத் தாண்டி, நேராக 60 மீட்டராவது ஓட இடம் கிடைத்தால் பேட்டனுக்கு மாறலாம். பின்னாலிருந்து வாங்கும் வித்தையை ரிங் கற்றுத்தராது. போட்டிக்கென்றே தயாராகும் பிள்ளைகள் இன்னும் முன்னாலேயே மாறவேண்டி வரலாம். அது பிள்ளையின் கை அளவைப் பொறுத்தது. மாறும்போது நான்கு பேரை ஒரு மீட்டர் இடைவெளியில் வரிசையாக நிறுத்தி, நின்ற இடத்திலேயே வலது, இடது, வலது, இடது எனக் கடத்தச் சொல்லுங்கள். பேட்டனின் அடிப்பகுதியைப் பிடித்தால்தான் மேல்பகுதி அடுத்தவருக்கு மிஞ்சும். வாங்குகிறவர் முதலில் திரும்பிப் பார்த்தே வாங்கட்டும்.