சுவரில் சப்பாத்து பாலிஷ் பெட்டி: மிதிபலகையா, மடக்கு மேசையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊர்களில் அஞ்சடிச் சுவரில் (வாசலை ஒட்டிய கூரையிட்ட நடைபாதைச் சுவரில்) மாட்டும் பாலிஷ் பெட்டிக்கு இரண்டு வடிவம் உண்டு.

ஒன்று, முழங்காலுக்குக் கீழே மாட்டுவது. கதவைக் கீழே இறக்கினால் அதுவே மிதிபலகை. சப்பாத்தைப் போட்டபடியே காலைத் தூக்கி வைத்துத் தேய்க்கலாம். பார்க்க அழகுதான். ஆனால் பலகையின் நுனியில் விழும் எடை மேல் திருகாணிகளைச் சுவரிலிருந்து பிடுங்கப் பார்க்கும். செங்கல் சுவரில் துளையிட்டு, திருகாணியைப் பிடித்துக்கொள்ளும் பிளக் அடித்துச் சமாளிக்கலாம்; பழைய பலகை வீட்டில் உள்ளிருக்கும் சட்டத்தைத் தேடிப் பிடித்துத்தான் முடுக்கவேண்டும். அடியில் ஒரு முட்டுக்கால் வைத்தால் கவலை குறையும், கூட்டுவதற்குத்தான் இடைஞ்சல்.

மற்றது இடுப்பு உயரத்தில். கதவு இருபக்கச் சங்கிலியில் தொங்கி மேசையாகிறது. சப்பாத்தைக் கழற்றி வைத்துத் தேய்க்கவேண்டும். எடை குறைவு, 15 சென்டிமீட்டர் ஆழமே போதும். வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றும் நம் வழக்கத்துக்கு இதுதான் ஒத்துவரும். 2021 முதல் பள்ளிச் சப்பாத்து வெள்ளையிலிருந்து கறுப்பாகிவிட்டதால் வெள்ளைப் பூச்சுக்குத் தனித் தட்டும் வேண்டாம்.

என் ஓட்டு மேசைக்கே. முதியவர்கள் குனியவும் வேண்டியதில்லை, காலைத் தூக்கவும் வேண்டியதில்லை.

எதைச் செய்தாலும் ரப்பர் மரம் வேண்டாம். தோட்டத்து ஊருக்குப் பழகிய மரம்தான், சரி. ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகையான மரைன் பிளைவுட் நல்லது. பின்பலகையில் நாலு காற்றுத்துளை போடுங்கள், ஈரத் தூரிகை காயட்டும்.