இரண்டு ராஜினாமாக்கள்: சாஸ்திரியும் டி.டி.கே.யும்

விருத்தாசலத்தில் ரயிலேறித் திருச்சி போகும்போதெல்லாம், அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வந்தால் மனம் கனத்துவிடும். 1956 நவம்பர் வெள்ளத்தில் அங்கேதான் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அதே ஆண்டு மகபூப்நகர் விபத்துக்குப் பிறகே விலக முன்வந்தவர் அவர். அப்போது நேரு ஏற்கவில்லை.

நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் கதை வேறு. எல்.ஐ.சி. பணம் சுமார் 1.24 கோடி ரூபாய் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனப் பங்குகளில் போனது. ஆளும் காங்கிரஸ் எம்.பி.யான பெரோஸ் காந்தியே நாடாளுமன்றத்தில் துருவித் துருவிக் கேட்டார். நீதிபதி சாக்ளாவின் விசாரணை ஆணையம் மக்கள் முன்னிலையில் விசாரித்தது. நிதித்துறைச் செயலாளர் செய்ததற்கு அமைச்சரே பொறுப்பு என்றது. 1958 பிப்ரவரியில் டி.டி.கே. விலகினார்.

சரி, இரண்டில் எது பெரிது? என் மனம் சாஸ்திரி பக்கம்தான். யாரும் விரலை நீட்டும் முன்பே எழுந்தவர் அவர். ஆனால் மக்கள் பணத்துக்குக் கணக்குக் கேட்கும் வழியைக் காட்டியது முந்த்ரா விவகாரம்தான். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அப்புறம், 1964இல் சாஸ்திரி பிரதமரானபோது அவருடைய நிதியமைச்சராக இருந்தவர் இதே டி.டி.கே. 1965 இறுதியில் மறுபடியும் விலகினார்.