சூரியநெல்லி மேட்டில் விண்மீன் பார்க்க: பைனாகுலரா, தொலைநோக்கியா?

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியில் என் சித்தப்பா குடும்பம் இருக்கும் லயத்திலிருந்து (தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு) தேயிலைச் சரிவின் உச்சி வரை, அமாவாசையை ஒட்டிய இரவுகளில் நடந்து போய் வானம் பார்ப்பது இரண்டு ஆண்டுகளாக எனக்கு வழக்கமாகிவிட்டது. முதல் ஆண்டு 114 மி.மீ. குழியாடி கொண்ட தொலைநோக்கியைச் சுமந்து சென்றேன். இப்போது கழுத்தில் 10×50 பைனாகுலர் (பத்து மடங்கு உருப்பெருக்கம், 50 மி.மீ. முகப்பு லென்ஸ்) ஒன்றை மட்டும் மாட்டிக்கொண்டு போகிறேன்.

சனியின் வளையத்தைத் தெளிவாகக் காட்டுவது தொலைநோக்கிதான். பத்து மடங்கு உருப்பெருக்கத்தில் அது தெரியாது. நிலவின் பள்ளங்களை நுணுகிப் பார்க்கவும் தொலைநோக்கியே வேண்டும். ஆனால் கார்த்திகை விண்மீன் கூட்டம் முழுவதையும் ஒரே பார்வைக்குள் அடக்கவும், ஏப்ரல் நடுநிசியில் தெற்கே ஏறத்தாழ 32 பாகை உயரத்தில் பஞ்சுப் பொட்டாக நிற்கும் ஒமேகா சென்டாரி என்னும் விண்மீன் கொத்தைக் காணவும் பைனாகுலர் போதும். வியாழனின் நான்கு பெரிய நிலவுகளும் அதில் புள்ளிகளாகத் தெரியும், கையை ஒரு பாறையில் ஊன்றிக்கொண்டால். எடை பற்றி விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. எனினும் சின்னக்கானல் பக்கம் யானை இறங்கியிருப்பதாகத் தகவல் வந்தால், முக்காலியைக் கழற்றி மடிக்க நேரமிருக்காது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

என் முடிவைத் தீர்மானித்தது ஈரம். தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் இந்த மேட்டில் துணி உலர்வதே அரிது. அந்த மாதங்களில் கருவி வீட்டுக்குள் சும்மா கிடக்கும்போதுதான் கெடுகிறது. நான் வைத்திருந்த தொலைநோக்கியின் குழாய் ஒரு முனையில் திறந்தே இருக்கும், ஆகவே அதை முழுமையாக அடைக்க வழியில்லை. ஒரே மழைக்காலத்தில் கண்ணருகு லென்சுக்குள் சிலந்தி நூல் போலப் பூஞ்சை படர்ந்தது. குழியாடியின் அலுமினியப் பூச்சிலும் கறை விழுந்தது. அந்தப் பூச்சு மிக மெல்லியது என்பதால் துணியால் துடைத்தால் கீறல்தான் மிஞ்சும். பூஞ்சை நெடுநாள் தங்கினால் லென்சின் மேற்பூச்சையே அரித்துவிடும், பிறகு துடைத்தாலும் தழும்பு போகாது.

நைட்ரஜன் நிரப்பி, ரப்பர் வளையத்தால் அடைத்த பைனாகுலரின் உட்புறத்துக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. அதையும் தோலுறையில் வைக்காமல், ரப்பர் மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வைக்கிறேன்; நீலநிற மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் இரும்புச் சட்டியில் மெல்லிய சூட்டில் வறுத்து மீண்டும் பயன்படுத்தலாம். குளிரிலிருந்து திரும்பியதும் அடுப்படிக்குள் திறக்காமல், பையிலேயே அறையின் வெப்பத்துக்கு வரவிட வேண்டும். இல்லையேல் லென்சின் மேல் உடனே நீர் பூக்கும். ஒரு மழைக்காலத்தைத்தான் இப்படிக் கடந்திருக்கிறேன், ஆகவே பத்தாண்டுக்கு உறுதி கூற மாட்டேன்.

தொலைநோக்கி இப்போது போடியில் தங்கையின் வீட்டில் இருக்கிறது. அங்கே காற்று உலர்ந்தது, மொட்டைமாடிக்குத் தூக்கிச் செல்ல வேண்டியது ஒரு மாடிப்படி தூரம்தான். கறை படிந்த ஆடியிலும் சனியின் வளையம் தெரிகிறது என்று அவள் மகன் போன வாரம் சொன்னான்.