மூன்று நிறுவனங்கள் ஒரே களத்தில்: புராஜெக்ட் கிராஸ் சோன் தொடரில் எதை விளையாடுவது?

பல நிறுவனங்களின் நாயகர்களை ஒரே கட்டக் களத்தில் இறக்கி, முறை வைத்துப் போரிட வைக்கும் உத்தி விளையாட்டுகளில், ஜப்பானின் மோனோலித் சாஃப்ட் பங்கேற்று உருவான மூன்றை ஒன்றோடொன்று ஒப்பிடாமல் பேச முடியாது. 2005-இல் பிளேஸ்டேஷன் 2-இல் வந்த நாம்கோ கிராஸ் கேப்காம் முதலாவது. 2012-இல் நாம்கோ, கேப்காம் நிறுவனங்களோடு சேகாவையும் சேர்த்துக்கொண்டு நிண்டெண்டோ 3டிஎஸ் என்ற கையடக்கக் கருவியில் வந்த புராஜெக்ட் கிராஸ் சோன் இரண்டாவது. நிண்டெண்டோவின் கதாபாத்திரங்களும் விருந்தினராக வந்துசேர்ந்த அதன் இரண்டாம் பாகம் 2015-இல் ஜப்பானிலும், அடுத்த ஆண்டு பிற நாடுகளிலும் வெளியானது.

யார் யார் வருகிறார்கள் என்ற பட்டியலை வைத்தே பலர் இவற்றை எடைபோடுகிறார்கள். அந்த அளவுகோல் போதாது என்பது என் கருத்து. நாற்பது அத்தியாயங்களுக்குக் குறையாமல் நீளும் விளையாட்டில் பழகிய முகத்தைப் பார்த்த மகிழ்ச்சி விரைவில் தணிந்துவிடும். அதன் பிறகு நம்மை உட்கார வைப்பது அடிக்கும் விதம்தான்.

அந்த அடிக்கும் விதத்தில் 2012-இன் விளையாட்டு செய்தது பெரிய காரியம். ஸ்ட்ரீட் ஃபைட்டரின் ரியூவும் கென்னும் ஒரு ஜோடியாக எதிரியை மேலே தூக்கி அடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எதிரியின் உடல் காற்றில் ஏறி, ஒரு கணம் தயங்கி, கீழே இறங்கத் தொடங்குகிறது. தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால் அடுத்த அடி விழுந்தால் பாதிப்பு கூடும். அதே வேளையில் தோள் பொத்தானை அழுத்தித் துணைக்கு ஒருவரை அழைத்து, இரு தரப்பு அடியும் ஒன்றாகப் பட்டால் எதிரி அந்தரத்திலேயே உறைந்து நிற்பான். அதற்குக் கிராஸ் ஹிட் என்று பெயர். உத்தி விளையாட்டின் நிதானமும் சண்டை விளையாட்டின் விரல் வேகமும் ஒரே இடத்தில் கூடும் அந்தக் கணத்துக்காகவே இதை வாங்கலாம்.

ஆனால் அந்தச் சுவையை விளையாட்டே தேய்த்துவிடுகிறது. வேகத்தின்படி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக முறை வருவதால், நண்பர்களுக்கிடையே எதிரிகள் புகுந்து புகுந்து நகர்கிறார்கள். களம் முழுவதும் ஒரே சாயல் கொண்ட அடியாட்கள் நிறைந்திருக்க, அதே அசைவுகளை மீண்டும் மீண்டும் பார்க்க நேர்கிறது. நாள்தோறும் ஓர் அத்தியாயம் என்று பிரித்து விளையாடினால் மட்டுமே இந்த அலுப்பைத் தாங்க முடியும்.

இரண்டாம் பாகம் இந்த நோயைச் சரியாக இனங்கண்டது. நம் அணிக்கு ஒரு முறை, எதிரணிக்கு ஒரு முறை என்று பிரித்ததால், யாரை எங்கே நிறுத்தி யாருக்கு யார் துணை என்று ஒரே மூச்சில் திட்டமிட முடிகிறது. சிறப்புத் தாக்குதலோடு சண்டை முடிந்துவிடாமல் அடுத்த அடிகளைத் தொடுக்க வழிசெய்யும் மிராஜ் கேன்சலும் அதே திசையில் எடுத்த முயற்சிதான்.

ஜோடி சேர்ப்பதிலும் வேறுபாடு உண்டு. முந்தைய பாகத்தில் கேப்காமின் டான்டே–டிமிட்ரி, சுன்-லி–மோரிகன் என ஜோடிகள் ஒரே நிறுவனத்துக்குள்ளேயே அமைந்தன. இரண்டாம் பாகத்திலோ கேப்காமின் சுன்-லியும் நாம்கோவின் சியாவ்யூவும் தோளோடு தோள் நிற்கிறார்கள். டெக்கன் தொடரில் பரம எதிரிகளான கசுயாவும் அவன் மகன் ஜின்னும் ஒரே ஜோடியாகிறார்கள். சேகாவின் விளம்பரங்களுக்காகப் பிறந்த செகாட்டா சன்ஷிரோவுக்குக்கூட இதில் இடம் கிடைத்திருக்கிறது. நிறுவனங்களைக் கடந்த கூட்டணி என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் இங்கேதான் கிடைக்கிறது என்பேன்.

அப்படியானால் 2005-இன் மூத்த விளையாட்டுக்கு இடமில்லையா? உண்டு. எதிரி நம்மைத் தாக்கும்போது திரையில் தோன்றும் திசைகளை உரிய நேரத்தில் அழுத்தினால் அடியின் பாதிப்பைக் குறைக்கலாம்; அடி வாங்கும் வேளையிலும் விரல்களுக்கு வேலை இருந்தது. பின்வந்த இரண்டிலும் எதிர்த்துத் தாக்குவதா, தடுப்பதா என்று பட்டியலில் தேர்ந்தெடுப்பதோடு அந்த வேலை முடிந்துவிடுகிறது. இதை இழந்தது எனக்கு இன்றும் குறையாகவே படுகிறது. இருப்பினும் அது ஜப்பானில் மட்டுமே வெளியானது. ஜப்பானிய மொழி தெரியாதவர்கள் ரசிகர்கள் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பை நம்பித்தான் விளையாட வேண்டும்.

ஆகவே புதிதாகத் தொடங்குபவருக்கு இரண்டாம் பாகத்தையே பரிந்துரைக்கிறேன். கதைத் தொடர்ச்சி பற்றிய கவலை வேண்டாம். இவற்றில் கதை, கதாபாத்திரங்களைச் சந்திக்க வைப்பதற்கான சாக்கு மட்டுமே. 3டிஎஸ்-இன் இணையக் கடை 2023 மார்ச் 27-இல் விற்பனையை நிறுத்திவிட்டதால், பழைய விளையாட்டு அட்டைகளைத் தேடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. 3டிஎஸ் கருவிக்கு வட்டாரப் பூட்டு உண்டு. ஜப்பானிய அட்டை அமெரிக்கக் கருவியில் இயங்காது என்பதால், பணம் கொடுக்கும் முன் கருவியும் அட்டையும் ஒரே வட்டாரத்தைச் சேர்ந்தவையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.