பெரிய கூடு, கொஞ்சம் மருந்து: .45-70 ரைபிளில் ஈயக் குண்டுக்கு எந்த பவுடர்?

மார்லின் 1895 லீவர் ரைபிளுக்கு (விசைக்கு அடியிலுள்ள நெம்புகோலை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா வரும் வகை) .45-70 தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிச் சுடுபவன் நான். குண்டையும் கடையில் வாங்குவதில்லை. காரீயத்தை உருக்கி அச்சில் வார்த்துக்கொள்கிறேன். ஒவ்வொன்றும் 405 கிரெயின், அதாவது சுமார் 26 கிராம். இந்தக் குண்டுக்குப் பின்னால் சில வருடங்களாகப் பல வெடிமருந்துகளைப் (பவுடர்களை) போட்டுச் சுட்டுப் பார்த்ததில், இப்போது அலமாரியில் நிலைத்துவிட்டவை இரண்டு: ஐ.எம்.ஆர் 4198, அக்யூரேட் 5744. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் 4198-ஐ வைத்துக்கொள்வேன். பலரும் இதற்கு நேர்மாறாகச் சொல்வார்கள் என்று தெரியும். காரணத்தைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் இரண்டு விஷயங்கள். நான் இருப்பது அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில். இங்கே சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்ப மத்திய அரசின் உரிமம் வேண்டாம். தயாரித்து விற்பதற்குத்தான் வேண்டும். இந்தியாவில் 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிப்பதே உரிமத்துக்கு உட்பட்டது, எனவே அங்கிருப்பவர்கள் இதைத் தகவலாக மட்டும் படியுங்கள். இன்னொன்று, எத்தனை கிரெயின் மருந்து போட்டேன் என்று எங்கேயும் எழுதப் போவதில்லை. அந்த எண்ணை மருந்து தயாரிப்பாளர் வெளியிடும் நடப்புக் கையேட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும், குறைந்த அளவிலிருந்துதான் தொடங்க வேண்டும். வேறொருவருடைய துப்பாக்கிக்குச் சரியாக இருந்த அளவு உங்களுடையதற்குச் சரியாக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

சரி, .45-70-ல் மருந்து தேர்வு ஏன் இவ்வளவு யோசிக்க வைக்கிறது? அமெரிக்க ராணுவம் 1873-ல் ஸ்பிரிங்ஃபீல்டு டிராப்டோர் துப்பாக்கியோடு எடுத்துக்கொண்ட தோட்டா இது. பெயரில் உள்ள 45 குண்டின் விட்டம், ஏறக்குறைய அங்குலத்தில் நூறில் 45 பங்கு. 70 என்பது கரிமருந்தின் (பழைய கறுப்பு வெடிமருந்து) எடை, கிரெயினில். அதாவது 70 கிரெயின் கரிமருந்தை இடைவெளி இல்லாமல் அடைக்கத்தான் இந்தத் தோட்டாவின் பித்தளைக் கூடே உருவானது. புகையில்லா மருந்துக்கு அவ்வளவு இடம் தேவையில்லை. அதே வேகத்துக்குப் பாதி எடைகூடப் போதும், வேகமாக எரியும் மருந்தென்றால் அதைவிடவும் குறைவு. மீதி இடம் காற்று. எனக்கு வந்த சிக்கல்களில் பெரும்பாலானவை இந்தக் காற்றிலிருந்துதான் வந்தன.

கூட்டுக்குள் காலி இடம் இருந்தால் மருந்து அங்குமிங்கும் உருளும். துப்பாக்கி மேல்நோக்கி இருந்தால் பிரைமர் (கூட்டின் அடியில் முதலில் பற்றி மருந்தைப் பற்றவைக்கும் சிறு குப்பி) பக்கம் சேரும். கீழ்நோக்கி இருந்தால் குண்டின் அடிப்பக்கம் போய்விடும். பிரைமரின் சுடர் ஒருமுறை மருந்தின் மேலேயே பாயும், ஒருமுறை காலி இடத்தைத் தாண்டிப் போய்த் தொடும். பற்றும் விதம் மாறினால் அழுத்தம் மாறும், வேகம் மாறும், நூறு கெஜத்துக்கு அப்பால் குண்டு விழும் உயரமும் மாறும். ஒரு மருந்து இதில் எப்படி என்று தெரிந்துகொள்ள எளிய வழி இருக்கிறது. சுடுதளத்தில், பாதுகாப்பான திசையை விட்டு விலகாமல், ரைபிளின் வாயை மேலே உயர்த்தி மெதுவாக இலக்குக்கு இறக்கிச் சில முறை சுடுங்கள். அப்புறம் வாயைத் தரை நோக்கிச் சாய்த்து, மெதுவாக உயர்த்திச் சில முறை. இரண்டு தொகுதிகளின் வேகத்தையும் குரோனோகிராஃபில் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) ஒப்பிடுங்கள். புது மருந்து எது வந்தாலும் நான் முதலில் செய்வது இதைத்தான். இலக்கில் குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று பார்ப்பது அதற்கு அப்புறம்தான், ஏனென்றால் மேசையில் மணல் மூட்டை மேல் வைத்துச் சுடும்போது மருந்து எப்போதும் ஒரே மாதிரிதான் கிடக்கும். மலைச்சரிவில் மேலும் கீழும் குறிபார்க்கும்போதுதான் அதன் உண்மை குணம் தெரியும்.

நான் தொடங்கியது யுனிக்கில். நூறு வருடத்துக்கு மேல் பழைய மருந்து, கைத்துப்பாக்கிக்கும் ஷாட்கன்னுக்கும் போடுவது, சின்னச் சில்லுகளாக இருக்கும். ஒரு பவுண்டு வாங்கினால் தீரவே தீராது. மெதுவான தோட்டாக்களுக்கு நன்றாகவே வேலை செய்தது. ஆனால் இந்தக் கூட்டில் அது அடியில் எங்கேயோ கிடக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும். ஒரு கூட்டில் இரண்டு அளவு விழுந்தாலும் இடம் மிச்சமிருக்கும், மூன்றாவது அளவுக்கும் இடம் கிடைக்கலாம். ஒவ்வொரு கூட்டையும் வரிசையாக வைத்து வெளிச்சம் காட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. அப்படியிருந்தும், பிழை கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்ளக்கூடிய மருந்தை முகத்துக்குப் பக்கத்தில் வெடிக்கும் கருவியில் தொடர்ந்து போட எனக்கு மனம் ஒப்பவில்லை. 2400 என்ற மருந்தும் ஏறக்குறைய இதே கதை, கொஞ்சம் மட்டும் பரவாயில்லை.

இந்தக் குறைக்காகவே வந்தது டிரெயில் பாஸ். நடுவில் ஓட்டையுள்ள உளுந்து வடையை மிகச் சிறிதாக்கியது போன்ற துகள்கள். எடை குறைவு, பருமன் அதிகம். கொஞ்சம் போட்டாலே கூடு நிறைந்த மாதிரி இருக்கும், இரட்டை அளவு விழுந்தால் வழிந்துவிடும். புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை என்றே சொல்வேன். குண்டால் அழுத்தி அடைக்கக் கூடாது என்பதுதான் முக்கிய விதி. உதைப்பு மிகக் குறைவு, நாள் முழுவதும் சுடலாம். ஆனால் சில வருடங்களாகக் கடைகளில் கிடைப்பதே இல்லை. அதோடு அது மெதுவான தோட்டாவுக்கு மட்டும்தான். மான் வேட்டைக்கு வேண்டிய வேகத்தை இந்த எடைக் குண்டோடு அதில் எதிர்பார்க்க முடியாது. மிச்சமிருக்கும் டப்பாவைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறேன்.

அக்யூரேட் 5744-க்கு வருகிறேன். குட்டையான குச்சித் துகள்கள், நைட்ரோகிளிசரின் கலந்த இரட்டை அடிப்படை மருந்து. எளிதில் பற்றும். அதனால் கூட்டில் எங்கே கிடந்தாலும் பெரிதாகக் கவலைப்படாது. மேலே சொன்ன வாய் உயர்த்தும் சோதனையில் நான் பார்த்தவற்றிலேயே வித்தியாசம் குறைவாக இருந்தது இதில்தான். பழைய டிராப்டோர் அளவிலான மெதுவான தோட்டாவுக்கு, 405 கிரெயின் குண்டு நொடிக்குச் சுமார் 1,300 அடி வேகத்தில் போனால் போதும் என்பவர்களுக்கு, யோசிக்காமல் இதைச் சொல்வேன். மொன்டானா குளிரில், பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரியில் சுட்டபோதும் சுணங்கவில்லை.

குறை என்ன? குறைந்த அழுத்தத்தில் முழுதாக எரியாது. இது இந்த மருந்தின் இயல்பு, எல்லாரும் அறிந்ததுதான். எரியாத துகள்கள் குழலில் தங்கும். ஒற்றைத் தோட்டா துப்பாக்கி என்றால் ஊதித் தள்ளிவிட்டுப் போகலாம். லீவர் ரைபிளில் அவை தோட்டா உட்காரும் அறைக்குள்ளும் இயங்குபாகத்துக்குள்ளும் விழுகின்றன. அறையில் நாலு துகள் இருந்தால் அடுத்த தோட்டா முழுதாக உட்கார மறுக்கும், லீவரை மூட முடியாமல் கை தடுமாறும். சுடுதளத்தில் இது தொந்தரவு, அவ்வளவுதான். வேட்டையில் அப்படியில்லை. பனிக்காட்டில் காயம்பட்ட மிருகத்துக்கு உடனே இரண்டாவது குண்டு வேண்டியிருக்கும்போது லீவர் மூடாமல் நின்றால் அந்த மிருகத்துக்குத்தான் வேதனை. கூட்டின் வாயைக் குண்டோடு நன்றாக இறுக்கி மடித்தால் துகள்கள் குறைகின்றன; முழுவதும் நிற்பதில்லை.

அதனால்தான் 4198. இது நைட்ரோகிளிசரின் கலக்காத ஒற்றை அடிப்படை மருந்து, நீளக் குச்சிகள், 5744-ஐவிடக் கொஞ்சம் மெதுவாக எரியும். லீவர் ரைபிளுக்கான நடுத்தர அளவில் இது கூட்டின் பெரும்பகுதியை நிரப்பிவிடுகிறது. காலி இடம் குறைவு என்பதால் உருளுவதற்கும் இடமில்லை. இரட்டை அளவு விழுந்தால் விளிம்பு வரை வந்து நிற்கும் அல்லது கொட்டிவிடும், கண்ணுக்குத் தப்பவே தப்பாது. எச்சம் மிகக் குறைவு, லீவர் சுத்தமாக ஓடுகிறது. இந்த மருந்தும் என் குண்டும் சேர்ந்து நொடிக்கு 1,500 அடிக்குப் பக்கத்தில் ஒரு இடத்தில் மிக நன்றாகப் பொருந்துகின்றன. அதற்கு மேலே போனால் அடியில் செப்பு மூடி இல்லாத சாதா ஈயக் குண்டு தாங்காது, குழலில் ஈயம் ஒட்டத் தொடங்கும். கீழே போனால் 4198 தடுமாறும்: வேகம் சீராக இருக்காது, கூட்டின் வெளிப்பக்கம் கரி படியும். அந்தப் பக்கம் 5744-ன் இடம். இதனால்தான் இரண்டையும் வைத்திருக்கிறேன்.

4198-லும் எரிச்சலான ஒன்று உண்டு. நீளக் குச்சிகள் அளவைக் கருவியில் வெட்டுப்பட்டு நறநறக்கும், ஒவ்வொரு தடவையும் அளவு கொஞ்சம் மாறும். நான் கருவியில் சற்றுக் குறைவாகப் போட்டு, தராசில் வைத்துக் கடைசிச் சில குச்சிகளைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கிறேன். நேரம் பிடிக்கும். எச் 4198 என்று ஆஸ்திரேலியாவில் தயாராகும் இன்னொன்று இருக்கிறது. வெப்பநிலை மாற்றத்துக்கு அதிகம் அசையாது. எண் ஒன்று என்பதால் ஐ.எம்.ஆர் அளவை அதற்குப் போட்டுவிடாதீர்கள், இரண்டுக்கும் கையேட்டில் தனித்தனிப் பக்கம்.

குண்டு சரியில்லாமல் மருந்தைக் குறை சொல்லிப் பயனில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஈயம் ஒட்டுகிறது என்று புலம்புகிறவர்களில் பலர் மருந்தை மாற்றுகிறார்கள், அல்லது கலவையைக் கெட்டியாக்குகிறார்கள். பெரும்பாலும் காரணம் குண்டின் விட்டம். குண்டு குழலின் உட்பள்ளத்தைவிடத் துளி சிறியதாக இருந்தால் சுடுவாயு பக்கவாட்டில் கசிந்து ஈயத்தை அரித்துக் குழல் சுவரில் பூசிவிடும். மென்மையான ஈயத் துண்டு ஒன்றைக் குழலுக்குள் தள்ளி எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்து, அதைவிட ஆயிரத்தில் ஒன்றிரண்டு அங்குலம் பெரிதாகக் குண்டை வைத்துக்கொள்ளுங்கள். என் ரைபிளுக்கு .459 அங்குலம். கலவை, பழைய டயர் எடைக்கட்டிகளோடு கொஞ்சம் வெள்ளீயம். பிரினெல் கடினத்தன்மை அளவில் சுமார் 12. வெள்ளீயம் சேர்த்தால் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் கலவை ஓடி நிறையும். லீவர் ரைபிளின் குழாய் மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்பதால், குண்டின் மூக்கு தட்டையாக இருப்பது கட்டாயம். கூர்மையாக இருந்தால் முன்னால் உள்ள தோட்டாவின் பிரைமரை அது குத்திவிடும் அபாயம் உண்டு. உருக்கும் இடத்தில் காற்றோட்டம், கை கழுவுதல், தண்ணீர்த் துளி பக்கத்திலேயே வராமல் பார்த்துக்கொள்வது, இவையெல்லாம் தெரிந்ததுதான்.

துப்பாக்கி எதுவென்பதையும் மறக்கக் கூடாது. கையேடுகள் .45-70-க்கு மூன்று அடுக்காக அளவு தருகின்றன: டிராப்டோர் போன்ற பழையவை, மார்லின் போன்ற லீவர்கள், ருகர் நம்பர் 1 போன்ற கெட்டியான ஒற்றைத் தோட்டா ரைபிள்கள். தோட்டாக்களுக்குத் தரம் நிர்ணயிக்கும் அமெரிக்காவின் சாமி (SAAMI) அமைப்பு இந்தத் தோட்டாவுக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 28,000 பவுண்டு; கடைத் தோட்டாக்கள் பெரும்பாலும் அதற்குள் இருப்பதற்குக் காரணம் அந்தப் பழைய துப்பாக்கிகள் இன்னும் புழக்கத்தில் இருப்பதுதான். லீவருக்கான அளவில் நிரப்பிய தோட்டா, வீட்டில் இருக்கும் டிராப்டோருக்குள் போய்விட்டால் விபரீதம். நான் பெட்டிகளில் சிவப்பு எழுத்தில் துப்பாக்கியின் பெயரையே எழுதிவைக்கிறேன்.

காலி இடத்தை நிரப்பப் பஞ்சு, டேக்ரான் இழை வைப்பவர்கள் உண்டு. வேகம் சீராகிறது என்பது உண்மை. அறையின் சுவரில் வளையம் போல வீக்கம் விழுந்த துப்பாக்கிகளுக்கு அதையே காரணமாகச் சொல்பவர்களும் உண்டு. நான் வைப்பதில்லை. கூட்டைத் தானாகவே நிரப்பும் மருந்து இருக்கும்போது எதற்கு?

இவ்வளவும் சொல்லிவிட்டுக் கரிமருந்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வெடியுப்பு, கரி, கந்தகம். 75, 15, 10. இந்தக் கூட்டுக்குப் பிறந்த மருந்து இதுதான். காலி இடமே இருக்கக் கூடாது, நீளக் குழாய் வழியாக மெதுவாகக் கொட்டிப் படிய வைத்து, மேலே அட்டை வட்டு வைத்து லேசாக அழுத்த வேண்டும். உதைப்பு அடிப்பது போல இல்லாமல் நீண்டு தள்ளுவது போல வரும். வெள்ளைப் புகை, கந்தக வாசனை. வேகச் சீர்மையில் என் புகையில்லா மருந்துகள் எதுவும் இதற்குப் பக்கத்தில் வரவில்லை. அமெரிக்காவில் கோயெக்ஸ் ஆலை 2021-ல் மூடப்படுவதாக அறிவிப்பு வந்தபோது இது கிடைக்காமலே போய்விடுமோ என்று பயந்தேன். 2022-ல் மாதிரி ராக்கெட் தயாரிக்கும் எஸ்டிஸ் நிறுவனம் அதை வாங்கித் தொடர்ந்து நடத்த முன்வந்தது. நிம்மதி. ஆனால் எரிந்த எடையில் பாதிக்கு மேல் திட எச்சமாக மிஞ்சும். அன்றைக்கே சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குழலைக் கழுவாவிட்டால் துரு. லீவர் ரைபிளின் உள்பாகங்களில் இதைச் செய்வது பெரும்பாடு, அதனால் வருடத்துக்கு ஓரிரு முறை, ஆசைக்குத்தான்.

இப்போது மருந்து வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது டப்பாவின் லாட் (தயாரிப்புத் தொகுதி) எண். ஒரே பெயரில் வந்தாலும் லாட்டுக்கு லாட் எரியும் வேகம் கொஞ்சம் மாறும். அதனால் சில்லறையாக ஒரு பவுண்டு வாங்குவதை விட்டுவிட்டு, ஒரே லாட்டில் எட்டு பவுண்டு ஜாடியாக எடுக்கிறேன். ஆபத்துப் பொருளுக்கான அனுப்புக் கட்டணமும் ஒரே தடவையோடு முடிகிறது. புது ஜாடி திறந்தால் பழைய அளவை அப்படியே போடுவதில்லை. கையேட்டின் தொடக்க அளவுக்குத் திரும்பி, குரோனோகிராஃபை வைத்து மறுபடி மேலே வருகிறேன். வரும் வசந்தத்தில் எச் 4198 ஜாடி ஒன்றை இப்படி ஓட்டிப் பார்க்க வைத்திருக்கிறேன். ஜனவரிக் குளிரிலும் ஆகஸ்ட் வெயிலிலும் அதன் வேகம் எவ்வளவு மாறுகிறது என்பதைத்தான் அதில் பார்க்க வேண்டும்.