லேபிள் இல்லாத டியூப்ல விக்கிற தெள்ளு மருந்த பூனைக்குப் போடாதீங்க

சுங்கை சிப்புட் பக்கம் பூனை வளர்க்கிறவங்க தயவுசெஞ்சு இத முழுசா படிங்க. டவுன்ல ஒரு கடையில பெரிய பாட்டில்லேர்ந்து சின்னச் சின்ன டியூப்ல ஊத்தி, தெள்ளு மருந்துன்னு 8 வெள்ளிக்கு விக்கிறாங்க. பெட்டி கிடையாது, மருந்து பேரு கிடையாது, எந்த மிருகத்துக்குன்னும் போடல. வாங்குறப்பவே நான் தெளிவா கேட்டேன், தம்பி இது பூனைக்கு, 3 கிலோதான் இருக்கும்னு. "பூனை நாய் ரெண்டுக்கும் ஒரே மருந்துதான்கா, நாய்க்கு முழு டியூப், பூனைக்குப் பாதி, தோட்டத்து ஆளுங்க எல்லாம் இதத்தான் வாங்கிட்டுப் போறாங்க"ன்னு அடிச்சு சொன்னாரு.

சாயங்காலம் பிடரியில விட்டோம். ராத்திரி காது துடிக்க ஆரம்பிச்சது, அப்புறம் முதுகுத் தோலு அலை அலையா இழுக்குது, எச்சி ஒழுகுது, தொட்டாலே துள்ளுது, விடியறதுக்குள்ள உடம்பு முழுக்க வெட்டி வெட்டி இழுத்து நிக்கக்கூட முடியல. துண்டுல சுத்தி மடியில வச்சுக்கிட்டு ஈப்போ கிளினிக்குக்கு ஓடினோம், வழி பூரா அது நடுங்கினத இப்ப நெனச்சாலும் வயிறு கலங்குது.

டாக்டரம்மா பார்த்ததுமே என்ன மருந்து போட்டீங்கன்னுதான் கேட்டாங்க. வீட்டுக்காரர் கடைக்குப் போயி அந்தப் பெரிய பாட்டில போட்டோ எடுத்து அனுப்பினாரு. பெர்மெத்ரின்ங்கிற பூச்சி மருந்து. பாட்டில்ல நாய் படம், பக்கத்துலயே பூனை படத்து மேல சிவப்புக் கோடு! பூனைக்குப் போடாதேன்னு கம்பெனிக்காரனே படம் போட்டிருக்கான், அத மறைச்சுத்தான் டியூப்ல ஊத்தி வித்திருக்காங்க.

நாயோட ஈரல் இந்த மருந்த உடைச்சு வெளியாக்கிடும், பூனை ஈரலுக்கு அந்தச் சக்தி ரொம்பக் கம்மி, அதனால விஷம் உடம்புலயே தங்கி நரம்பத் தாக்குதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. நாய் சொட்டு மருந்து சிலதுல பெர்மெத்ரின் 50 சதவீதம்கூட இருக்கும், அதனால பாதி டியூப்புங்கிற பேச்சே கிடையாது. இந்த விஷத்த முறிக்கிற மருந்துன்னு தனியா ஒண்ணும் இல்ல. பாத்திரம் கழுவுற சோப்பு போட்டு வெதுவெதுப்பான தண்ணியில கழுவினாங்க, இழுப்பு நிக்க ஊசி, அப்புறம் டிரிப். பிழைச்சிடுச்சு. எல்லாப் பூனையும் பிழைக்கிறதில்லையாம். சில பூனைக்கு 3 நாள் கழிச்சுக்கூட இழுப்பு ஆரம்பிக்குமாம், அதனால போட்டுட்டீங்கன்னா நல்லாத்தானே இருக்குன்னு விட்டுடாதீங்க, உடனே கழுவுங்க, கிளினிக்குக்குக் கொண்டு போங்க, டியூப்பையும் கையில எடுத்துட்டுப் போங்க.

நாயும் பூனையும் ஒண்ணா படுக்கிற வீடா இருந்தா நாய்க்கு இந்த மருந்து போட்டா குறைஞ்சது 3 நாளாவது பூனைய கிட்ட விடாதீங்க, நக்கினாலும் உரசினாலும் அதே கதிதான். நாய்க்கு உண்ணி குளியலுக்குக் கலக்குற அமிட்ராஸும் பூனைக்கு ஆகாது. பூனைக்குன்னே செலமெக்டின் மாதிரி மருந்து வருது, வயசும் எடையும் சொல்லி டாக்டர்கிட்டயே வாங்குங்க. நாய்க்கு 12 வாரம் தாங்குற உண்ணி மாத்திரை வருது, ஆனா இழுப்பு வந்த நாயா இருந்தா முதல்லயே டாக்டர்கிட்ட சொல்லிடணும். செம்பனைக்கு அடிக்கிற விஷத்த நாய் மேல தெளிக்கிறத நம்ம லயங்கள்ல இன்னும் பார்க்கிறேன், அது சத்தியமா வேணாம்ங்க, நாய் அத நக்கும், பிள்ளைங்க அதே நாயத்தான் கட்டிப் பிடிக்கும்.

கடையில போயி கேட்டா "நீங்க அளவு கூட போட்டிருப்பீங்க"ங்கிறாங்க, கிளினிக் பில்லுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லன்னுட்டாங்க. ரசீது தரல, ஆனா கியூஆர்ல கட்டினதால போன்ல பதிவு இருக்கு, பாட்டில் போட்டோவும் இருக்கு. பயனீட்டாளர் தீர்ப்பாயத்துல 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், மனு போட 5 வெள்ளிதான், லாயர் வேணாம், நான் மனு எழுதிட்டேன். அதே டியூப் வாங்கி பூனைய பறிகொடுத்தவங்க நம்ம ஊர்ல யாராவது இருந்தா டியூப்ப தூக்கிப் போடாம எனக்குத் தகவல் சொல்லுங்க, சேர்ந்தே போகலாம், அந்த டியூப் இன்னும் கல்லா பக்கத்துலதான் தொங்குது.