வெள்ளவத்தையில் ஒரு விழித்திரைப் பரிசோதனைச் சேவை: கருவிகள் நன்று, விளக்கம் போதாது

கொழும்பில் கண் பரிசோதனை என்று சொன்னவுடன் பலருக்கு நினைவுக்கு வருவது மூக்குக்கண்ணாடிக் கடைதான். பம்பலப்பிட்டியிலிருந்து தெஹிவளை வரை காலி வீதியின் இரு மருங்கிலும் அத்தகைய கடைகளுக்குக் குறைவில்லை. எழுத்துப் பலகையை வாசிக்கச் செய்து, வில்லையின் வலுவைக் கணித்து, சட்டத்தைத் தெரிவுசெய்யச் சொல்வார்கள். வாசிப்புக் கண்ணாடி தேவைப்படும் நாற்பது வயதுக்காரருக்கு அது போதும். ஆனால் நீரிழிவோடு நெடுங்காலம் வாழ்ந்துவிட்ட ஒருவருக்கு அதனால் பெரிதாக எதுவும் தெரியவராது. பலகையின் கடைசி வரி வரை பிழையின்றி வாசிக்கும் கண்ணிலும் விழித்திரை கசிந்துகொண்டிருக்கக்கூடும்.

இந்த மதிப்பீடு, வெள்ளவத்தையில் இயங்கும் ஒரு தனியார் கண் சிகிச்சை நிலையம் நீரிழிவு உள்ளவர்களுக்கென நடத்தும் விழித்திரைப் பரிசோதனையைப் பற்றியது. கொட்டாஞ்சேனையில் வசிக்கும் என் பெரியப்பாவையும், நீரிழிவு இல்லாத ஆனால் எழுபதைத் தாண்டிய என் அம்மாவையும் அங்கே அழைத்துச் சென்றேன். நிலையத்தின் பெயரை எழுதவில்லை. நான் கண்ட குறைகள் அந்த ஓரிடத்துக்கு மட்டும் உரியவை அல்ல என்பதோடு, எந்த நிலையத்துக்குச் சென்றாலும் எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதே வாசகருக்குக் கூடுதலாகப் பயன்படும்.

முதலில், இந்தச் சேவை எதைத் தேடுகிறது என்பதைச் சொல்ல வேண்டும். விழித்திரை என்பது கண்ணின் பின்சுவரில் கால் மில்லிமீற்றர் அளவு தடிப்பில் படிந்திருக்கும் நரம்பிழையம். அதன் எடையோடு ஒப்பிட்டால் உடலில் மிக அதிகமாக ஒட்சிசன் செலவிடும் இழையங்களுள் அதுவும் ஒன்று. குருதியில் குளுக்கோசு பல ஆண்டுகள் மிகையாக இருக்கும்போது, அதற்கு ஒட்சிசன் கொண்டுசெல்லும் நுண்ணிய குருதிக் கலன்களின் சுவரைத் தாங்கும் உயிரணுக்கள் அழிந்துபோகின்றன. வலுவிழந்த இடத்தில் சுவர் சிறு குமிழாகப் புடைக்கிறது. பிறகு குருதியும் நீரும் கொழுப்பும் கசியத் தொடங்குகின்றன. எழுத்தையும் முகத்தையும் கூர்ந்து பார்க்க உதவும் மஞ்சட்புள்ளிப் பகுதியில் அந்தக் கசிவு தேங்கினால் வீக்கம் உண்டாகிறது. நீரிழிவு உள்ளவர்களின் பார்வை குறைவதற்கு மிகப் பொதுவான காரணம் இந்த வீக்கமே. மறுபுறம், கலன்கள் அடைபட்டு ஒட்சிசன் கிடைக்காத பகுதி, புதிய கலன்களை வளரச் செய்யும் புரதத்தைச் சுரக்கிறது. அப்படி வளரும் கலன்கள் உதவிக்கு வந்தவைபோல் தோன்றினாலும் எளிதில் உடைபவை. உடைந்தால் கண்ணுக்குள் குருதி பரவும், அவற்றோடு வளரும் நார்கள் சுருங்கினால் விழித்திரையே சுவரிலிருந்து உரிந்து வரும். இவ்வளவும் வலியின்றி நடக்கும் என்பதுதான் இந்நோயின் சூழ்ச்சி.

பெரியப்பாவுக்குச் சீனி வருத்தம் தொடங்கி இரு தசாப்தங்கள் ஆகின்றன. தினமும் காலையில் பத்திரிகையை முதற்பக்கத்திலிருந்து மரண அறிவித்தல் வரை வாசிப்பவர் என்பதால், தமக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று உறுதியாக இருந்தார். இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்பட்ட உடனேயே விழித்திரையைப் பார்க்க வேண்டும், அதன்பின் பொதுவாக ஆண்டுக்கொரு முறை பார்க்க வேண்டும் என்பது பரவலாகப் பரிந்துரைக்கப்படும் விதி. கர்ப்பிணிக்கு ஏற்கெனவே நீரிழிவு இருந்தால் முதல் மூன்று மாதங்களுக்குள் பார்க்க வேண்டும். பெரியப்பாவுக்கு இந்த விதியை இதுவரை எவரும் சொல்லியிருக்கவில்லை. 2005–2006 காலப்பகுதியில் இலங்கையில் நடத்தப்பட்ட தேசிய அளவிலான ஆய்வொன்று, நகர்ப்புற வயதுவந்தோரில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. அப்படிப்பட்ட ஒரு நகரத்தில், விழித்திரையைப் பார்த்தாயிற்றா என்பது, பிரஷரும் சீனியும் பார்க்கும் ஒவ்வொரு கிளினிக்கிலும் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

இனி நிலையத்தின் நடைமுறை. தொலைபேசியில் சனல் செய்து இலக்கம் பெற்றுக்கொள்ளலாம். முதலில் பார்வைக் கூர்மையும் கண்ணழுத்தமும் அளக்கப்படுகின்றன. பிறகு கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தை இடுகிறார்கள். இதைத்தான் இந்த நிலையத்தின் முதற்சிறப்பாகக் கூறுவேன். நேரத்தை மிச்சப்படுத்துவதற்காகச் சொட்டு மருந்தே இடாமல் ஒரு விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று அனுப்பும் இடங்களும் உண்டு. வயதானவர்களின் கண்மணி இயல்பாகவே சுருங்கியிருப்பதால், விரிக்காமல் விழித்திரையின் ஓரங்களைச் சரிவரப் பார்க்க முடியாது. மருந்து வேலை செய்ய ஏறக்குறைய இருபது நிமிடம் பிடித்தது. பெரியப்பாவுக்கு அது போதாமல் இரண்டாம் முறையும் இட்டார்கள். நீண்டகால நீரிழிவில் கண்மணி இலகுவில் விரியாது என்பதை அங்கிருந்த தாதி பொறுமையாகச் சொன்னார்.

அடுத்து விழித்திரையைப் படமெடுத்தார்கள். அதன்பின் ஓ.சி.ரி. (OCT) எனப்படும் ஒளிவழிக் குறுக்குவெட்டுப் படப் பரிசோதனை. 1991 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட இந்த நுட்பம், அகச்சிவப்புக்கு அண்மித்த ஒளியைச் செலுத்தி, அது தெறித்துத் திரும்புவதைக் கொண்டு விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்குவெட்டாகக் காட்டுகிறது. எக்ஸ் கதிர் இதில் இல்லை, கண்ணைத் தொடுவதும் இல்லை. கண்ணாடிக் கடையில் பிடிபடாத வீக்கம் இதில் சில விநாடிகளில் பிடிபட்டது. பெரியப்பாவின் வலக்கண்ணில் மஞ்சட்புள்ளியின் நடுவே இருக்க வேண்டிய பள்ளம் நிரவப்பட்டு, அதன் கீழ் நீர் தேங்கியிருந்த கரும்பைகள் திரையில் தெளிவாகத் தெரிந்தன. கருவி புதியது, அதை இயக்கிய இளைஞரும் தொழிலில் தேர்ந்தவர். அவர் சிங்களத்திலேயே "கெலின் பலன்ன, அங்கிள்" (நேராகப் பாருங்கள்) என்று சொல்லிக்கொண்டிருந்தார். கொட்டாஞ்சேனைக்காரரான பெரியப்பாவுக்கு அது சிக்கலில்லை. ஆனால் ஹற்றனிலிருந்தோ வவுனியாவிலிருந்தோ வந்த ஒரு முதியவர், எங்கே பார்க்கச் சொல்கிறார்கள் என்று தெரியாமல் கண்ணை அலையவிட்டால் படம் கலங்கிவிடும். வெள்ளவத்தையில் நிலையம் வைத்திருப்பவர்கள் நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஊழியர்களுக்குப் பழக்கிக் கொடுப்பது பெரிய காரியமல்ல.

வைத்தியரைப் பற்றிக் குறை சொல்வதற்கில்லை. கிடைத்த நேரம் குறுகியது என்றாலும், படத்தைத் திரையில் காட்டியே பேசினார். பெரியப்பா வீட்டுக்குப் போனதும் சோற்றையே நிறுத்திவிடுவதாகச் சொன்னபோது, அவர் சொன்ன பதில் எனக்குப் புதிது: "ஐயா, சீனியை ஒரேயடியாக இறக்க வேண்டாம், நீண்டகாலம் உயர்ந்திருந்த சீனி திடீரென்று இறங்கினால் விழித்திரை சிறிது காலத்துக்கு மோசமாகக்கூடும், உங்கள் வைத்தியரோடு பேசிப் படிப்படியாக இறக்குங்கள்." சீனியைக் கட்டுப்படுத்துவதன் பயனையும் அவர் குறைத்துப் பேசவில்லை. முதலாம் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் நடத்தப்பட்டு 1993 இல் வெளியான அமெரிக்க ஆய்வில், தீவிரக் கட்டுப்பாடு விழித்திரை நோய் புதிதாகத் தோன்றும் அபாயத்தை 76 வீதம் குறைத்தது. இரண்டாம் வகையில் சீனியைப்போலவே குருதியழுத்தத்தையும் அடக்கி வைப்பது கண்ணைக் காக்கிறது என்பதை 1998 இல் வெளியான பிரித்தானிய ஆய்வு காட்டியது.

அம்மாவின் நிலை வேறு. முதுமை தானாகவே கண்ணுக்குள் செல்லும் ஒளியைக் குறைத்துவிடுகிறது: வில்லை மஞ்சளாகிறது, கண்மணி சிறுக்கிறது, இருபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குக் கிடைக்கும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அறுபது வயதுக் கண்ணுக்குக் கிடைக்கிறது. மங்கலான வெளிச்சத்தில் உதவும் கோலுயிரணுக்களும் வயதோடு குறைந்துவருகின்றன. மாலையில் மாடிப்படி இறங்க அம்மா தயங்குவதற்கு இதுவே காரணம். படியில் ஒரு நல்ல விளக்கைப் போடுவதே வைத்தியர் சொன்ன மருந்து. கண் முன்னே இலையான் பறப்பதுபோல் தெரிவது, விழியினுள் இருக்கும் கூழ் சுருங்கி விழித்திரையிலிருந்து விலகுவதால் வருவது என்றும், பெரும்பாலும் தீங்கற்றது என்றும் விளக்கினார். ஆனால் மின்னல் வெட்டுவதுபோல் ஒளி தோன்றினாலோ, புள்ளிகள் திடீரெனப் பெருகினாலோ, ஓரத்தில் திரை விழுந்ததுபோல் இருந்தாலோ அன்றைக்கே வரவேண்டும் என்றார். இதை அம்மாவிடமே சொன்னார், என்னிடமல்ல. முதியவர்களைத் தாண்டிப் பிள்ளைகளிடம் பேசும் வைத்தியர்கள் மலிந்த ஊரில் இது கவனிக்கத்தக்கது.

அறையை விட்டு வெளியே வந்தபின் தொடங்குகின்றன குறைகள். அம்மாவின் விழித்திரையில் வயதால் உண்டாகும் சிறிய மஞ்சட் படிவுகள் சில இருந்தன. நிலையத்தின் மருந்துப் பகுதியில் அதற்கென ஒரு விற்றமின் குளிகையை, மாதக்கணக்கில் எடுக்க வேண்டியது என்று சொல்லி நீட்டினார்கள். 2001 இல் வெளியான பெரும் ஆய்வின்படி, விற்றமின்களும் நாகமும் (சிங்க்) சேர்ந்த அத்தகைய கலவை, வயதால் வரும் மஞ்சட்புள்ளிச் சிதைவில் இடைநிலையை எட்டிவிட்டவர்களுக்கே பயன்பட்டது. முற்றிய நிலைக்குச் செல்லும் அபாயத்தை அது ஏறக்குறைய கால்பங்கு குறைத்தது. தொடக்க நிலையினருக்கு அதனால் பயன் இருப்பதாக நிறுவப்படவில்லை. வைத்தியரின் சீட்டிலும் அது எழுதப்பட்டிருக்கவில்லை. அதேபோல், பெரியப்பாவின் சீனி கட்டுக்குள் வரும் முன் புதிய கண்ணாடி வாங்க வேண்டாம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். சீனி ஏறி இறங்கும்போது கண்ணினுள் இருக்கும் வில்லையின் வலுவும் மாறும், இன்று அளந்த கண்ணாடி சில வாரங்களில் பொருந்தாமற் போகும். அப்படியிருந்தும் கண்ணாடிப் பகுதியிலிருந்து சட்டங்களோடு வந்து நின்றார்கள்.

சிகிச்சைச் செலவைப் பற்றிய விளக்கம் இன்னும் மோசம். வீங்கிய மஞ்சட்புள்ளிக்குக் கண்ணினுள் ஊசி போட வேண்டும்; புதிய கலன்களை வளர்க்கும் புரதத்தைத் தடுக்கும் மருந்து அது, தொடக்கத்தில் மாதந்தோறும் தேவைப்படும். ரனிபிசுமாப், அஃப்லிபெர்செப்ட், பெவசிசுமாப் என மூன்று மருந்துகள் பெரிதும் பயன்பாட்டில் உள்ளன. மூன்றாவது குடற்புற்றுநோய்க்கென வந்து கண்ணுக்குப் பயன்படத் தொடங்கியது, விலையிலும் மிகக் குறைந்தது. பார்வை ஓரளவே குறைந்தவர்களிடம் மூன்றும் ஏறத்தாழச் சமமாக வேலை செய்தன என்றும், பார்வை 6/15 (இயல்பான பார்வை 6/6) அல்லது அதற்கும் கீழே சென்றவர்களிடம் முதல் ஆண்டில் அஃப்லிபெர்செப்ட் மேலானதாக இருந்தது என்றும் 2015 இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வு கண்டது. பெரியப்பாவின் வலக்கண் பார்வை 6/9, அதாவது ஓரளவே குறைந்தது. ஆலோசனை மேசையில் இருந்தவர் விலை கூடிய ஒன்றை மட்டுமே சொன்னார். மற்றவை உண்டா என்று நான் கேட்டபின்தான் அவற்றின் கட்டணமும் வந்தது. சம்மதப் படிவம் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் மட்டும் இருந்தது. கண்ணுக்குள் ஊசி ஏற்றச் சம்மதம் கேட்கும் தாளைத் தமது மொழியில் வாசிக்கும் உரிமை நோயாளிக்கு உண்டு என்று இங்கே வாதிட வேண்டியிருப்பதே வெட்கக்கேடு.

கண் தானத்துக்கு உலகப் புகழ் பெற்ற நாடு நம்முடையது. வைத்திய கலாநிதி ஹட்சன் சில்வா தொடக்கிய கண் தான சங்கம் 1964 முதல் வெளிநாடுகளுக்கும் விழிவெண்படலங்களை அனுப்பிவருகிறது. அதனாலேயோ என்னவோ, கண் போனால் வேறு கண் வைக்கலாம் என்ற நம்பிக்கை நம்மவரிடையே இன்னும் உண்டு. காத்திருக்கும் இடத்தில் இருந்த ஓர் அம்மா அதையே சொன்னார். மாற்றக்கூடியது முன்புறமுள்ள விழிவெண்படலம் மட்டுமே, விழித்திரையை மாற்ற முடியாது. அதை விளக்கும் ஒரு சுவரொட்டிகூட அங்கே இல்லை; மூக்குக்கண்ணாடி விளம்பரங்கள் மட்டும் சுவரை நிறைத்திருந்தன.

அறிக்கையையும் குறிப்பிட வேண்டும். பிரித்தானிய முறைப்படி "ஆர்2, எம்1" என்று குறித்துக் கொடுத்தார்கள். முதலாவது, புதிய கலன்கள் தோன்றுவதற்கு முந்திய கட்டம். இரண்டாவது, மஞ்சட்புள்ளி பாதிக்கப்பட்டிருப்பது. இந்தக் குறியீட்டின் பொருள் அறிக்கையில் எங்கும் விளக்கப்படவில்லை. அடுத்த பரிசோதனைக்கு நினைவூட்டும் குறுஞ்செய்தி ஏற்பாடும் இல்லை. ஆண்டுதோறும் திரும்பி வரச் செய்வதில்தான் இத்தகைய சேவையின் பயன் பெரும்பகுதி தங்கியிருக்கிறது என்பதால், இதை நான் பெரிய குறையாகவே கொள்கிறேன்.

கருவிக்கும் வைத்தியருக்கும் ஐந்துக்கு நாலரை, மற்றவற்றுக்கு ஐந்துக்கு இரண்டு. வைத்தியரின் கட்டணம், படம், ஓ.சி.ரி. ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பற்றுச்சீட்டுகள் வருவதால் மொத்தத்தை முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். தொடர் ஊசிகளின் செலவைத் தாங்க இயலாதவர்கள், இங்கே எடுத்த படங்களுடன் லிப்டன் சுற்றுவட்டத்துக்கு அருகிலுள்ள தேசிய கண் வைத்தியசாலைக்குச் செல்லலாம். அரச வைத்தியசாலை என்பதால் அங்கே சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை, காத்திருப்பதற்கு ஆயத்தமாகச் செல்ல வேண்டும். படங்களின் பிரதியைக் கேட்டால் கைத்தொலைபேசிக்கு அனுப்புகிறார்கள், கேட்காவிட்டால் தருவதில்லை. சொட்டு மருந்தின் பின் நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை கண் கூசும். வாகனம் ஓட்டி வராதீர்கள், குளிர்கண்ணாடி கொண்டுவாருங்கள், முச்சக்கர வண்டியை எதிர்ப்பக்கம் நிறுத்தாமல் வாசலுக்கே வரச் சொல்லுங்கள்.